வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வாசக நண்பர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் மெனக்கெட்டது மின்னூலகத்துக்காகத்தான், அதற்கு வந்துவிடுகிறேன்.

உறுப்பினர்கள் மின்னூலகங்களைப் பயன்படுத்த வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். போட்டால் நடந்துவிடும் என்று நம்பியது என் தவறு. புரொஜெக்டர் வைத்து வகுப்பு எடுத்தேன். 1971இல் மைக்கேல் ஹார்ட், இலவச மின்னூல்களைத் தரும் குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தேன். கைதட்டினார்கள். பிறகு எழுந்து, வழக்கம்போல அலமாரியில் ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதற்கு இரண்டு எண்ணங்கள் முக்கியம் என்று ஆய்வாளர் பிரெட் டேவிஸ் 1989இல் எழுதினார்: இது எனக்குப் பயன்படுமா, கையாள்வது எளிதா. அவர் ஆய்வில் பயனுக்கே வலு அதிகம். நானோ வகுப்பு முழுக்க எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பாதி மட்டும் நினைவிலிருந்த பாடல் வரி ஒன்றை இரண்டு நாளாகத் தடித்த தொகுப்பில் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் துண்டுத்தாள் செருகியிருந்தார். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பைத் திறந்து, நினைவிலிருந்த இரண்டு சொற்களைத் தட்டினோம். வரி வந்து நின்றது. "அட, இவ்வளவுதானா!" என்றார். அடுத்த வாரம் அவரே இன்னும் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். என் வகுப்பு செய்யாததை அந்த ஒரு வரி செய்தது. சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கையும், உதவிக்கு ஆள் இருப்பதையும் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2003இல், மக்கள் தொழில்நுட்பத்தை ஏற்பதை விளக்கும் தங்கள் கோட்பாட்டு மாதிரியில் சேர்த்தது சும்மா இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு மின்னூலகத்தில் பதிவு செய்ய ஓடிபி கேட்டது. உறுப்பினர் கொடுத்திருந்த எண்ணோ வெளியூரில் இருக்கும் மகனுடையது. மகன் போனை எடுப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. மூன்று முறை முயன்றபின் அந்த அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். இன்னொருவருக்கு, இரண்டு பத்தியாக அச்சிட்ட பழைய இதழின் ஸ்கேன் கிடைத்தது. ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் இழுக்க வேண்டியிருந்தது. வெறும் படமாக இருந்ததால் சொல் தேடவும் முடியவில்லை. "இதற்கு லென்ஸ் வைத்தே படித்துவிடலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்.

புதிய நாவலைத் தேடிக் கிடைக்காமல் "இதில் ஒன்றுமே இல்லை" என்று விட்டவர்களும் உண்டு. பதிப்புரிமை உள்ள நூல்கள் பொதுவாக இலவசமாக வராது என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்பவர்களை இனி வற்புறுத்துவதாக இல்லை. கண் அவர்களுடையது.

வரும் ஆண்டில் வகுப்பு கிடையாது. சனிக்கிழமை மாலைகளில் ஒரு மேசை, ஒரு கணினி. தேட வேண்டியது எதுவோ அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்; பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார நான்கு பேர் தேவை. ஆசிரியர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்