எந்த டபுள் குரோஷா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) குஷன் உறைக்குச் செய்முறை மாதிரி ஒன்று வந்திருந்தது. 16 அங்குலச் சதுரம், முன்பக்கம் பின்னல், பின்பக்கம் காடாத் துணி. மகள் வீட்டுப் பால்காய்ப்புக்குக் கொடுக்கலாம் என்று சந்தன நிறப் பருத்தி நூல் வாங்கி உட்கார்ந்தேன். மொத்தம் 42 வரிசை என்று போட்டிருந்தீர்கள். 21 முடித்ததும் அளந்து பார்த்தேன். 8 அங்குலம் வந்திருக்க வேண்டும், மூன்றரைதான் வந்திருந்தது. அகலம் மட்டும் அச்சாகச் சரியாக இருந்தது.

குழப்பம் 'டபுள் குரோஷா' என்ற பெயரில் இருக்கிறது. நான் 1970களில் கன்னியர் மடத்துப் பள்ளியில் பின்னல் கற்றவள். பிறகு 31 வருடம் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியை. எங்களுக்கு வந்தது பிரிட்டிஷ் முறை. அதில் டபுள் குரோஷா குட்டையான பின்னல். ஊசியில் நூலைச் சுற்றாமல் கண்ணிக்குள் விட்டு, நூலை இழுத்து, ஊசியில் நிற்கும் இரண்டு கண்ணிகளையும் ஒரே இழுப்பில் முடிப்போம். இதையே அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்கிறார்கள். அவர்களுடைய டபுள், ஒரு தடவை நூல் சுற்றிப் போடுவது. அது எங்களுக்கு ட்ரெபிள். உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்ற பெயரே கிடையாது. அதனால் ஒரு மாதிரியில் சிங்கிள் என்று கண்டால் அது அமெரிக்க முறை என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் மாதிரியில் அந்தச் சொல்லும் இல்லை, எந்த முறை என்ற குறிப்பும் இல்லை. வரிசைத் தொடக்கத்தில் 3 செயின் (சங்கிலிக் கண்ணி) போடச் சொல்லியிருந்ததுதான் ஒரே தடயம். குட்டைப் பின்னலுக்கு 1 செயின் போதும்; 3 என்றால் அமெரிக்க டபுள்.

நான் பிரித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பருத்தி நூல், பிரித்தாலும் வீணாகாது. எனக்கு அது பெரிய வருத்தம் இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணும் அதே மாதிரியைப் போட்டிருக்கிறாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள், கோடை விடுமுறையில் என்னிடம் கற்றுக்கொண்டவள். பின்னல் தடிப்பாகி, ஓரம் பிதுங்கி, நீளமும் ஏறாமல் நிற்க, ஊசியையும் நூலையும் பையில் போட்டுக் கட்டி வைத்துவிட்டாள். கேட்டதற்கு, "எனக்குக் கை வரல ஆச்சி" என்றாள். அந்தப் பின்னலை வாங்கிப் பார்த்தேன். ஒரு கண்ணி விட்டுப்போகவில்லை, இழுப்பு சீராக இருந்தது. நான் சொல்லிக் கொடுத்த டபுளைத்தான் அப்படியே போட்டிருக்கிறாள். நன்றாகப் பின்னத் தெரிந்த பெண், தனக்கு வராது என்று நம்பிவிட்டாளே என்பதுதான் இதை எழுத வைத்தது.

இனி எந்த மாதிரி போட்டாலும் பிரிட்டிஷா, அமெரிக்கமா என்று ஒரு வரி சேருங்கள். ஊசியை மில்லிமீட்டரில் சொல்லுங்கள். வெறும் நம்பரை நம்ப முடியாது. மெல்லிய ஸ்டீல் ஊசிகளில் நம்பர் ஏற ஏற முனை சிறுத்துக்கொண்டே போகும், புதிதாக வருபவர்கள் நேர்மாறாக நினைத்து வாங்கிவிடுவார்கள். 4 அங்குலத்துக்கு எத்தனை வரிசை வர வேண்டும் என்பதும் இருந்தால், கையகல மாதிரி போட்டுப் பார்த்து அப்போதே திருத்திக்கொள்ளலாம். இடம் இருந்தால் குறியீட்டுப் படத்தை அப்படியே அச்சிடுங்கள். அதில் உயரமான பின்னல்களின் தண்டில் எத்தனை சாய்வுக் கோடோ, அத்தனை தடவை நூல் சுற்ற வேண்டும். எந்த நாட்டுப் பெயரும் வேண்டாம்.

வகுப்பில் நான் பெயரைவிடச் சுற்றைத்தான் சொல்லிக் கொடுத்தேன்: சுற்றாமல் போடுவது, ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஒரு சுற்றிலேயே எல்லாக் கண்ணிகளையும் சேர்த்து இழுத்து முடித்தால் அரை. தமிழில் மாதிரி எழுதுகிறவர்கள் இப்படியே எழுதினால் என்ன? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது புரிந்தது.

எதிர்வீட்டுப் பெண் மறுபடி தொடங்கியிருக்கிறாள். நேற்று மாலை 11 அங்குலம் தாண்டிவிட்டது.

ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.