டியூப்லெஸ் ஸ்போக் சக்கரங்களும் கடற்கரை உப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தைக் கடந்து இராமேசுவரத்துக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்று வருபவன். ஸ்போக் கம்பிகளோடு கூடிய டியூப்லெஸ் (டயருக்குள் டியூப் இல்லாத) சக்கரங்கள் உள்ள வண்டியை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஐப்பசி முதல், பின்சக்கரத்தில் 32 பவுண்டு காற்று அடித்தால் ஐந்தாறு நாளில் அது 20 பவுண்டுக்கு இறங்கிவிடும். டியூப் வெடித்தால் உடனே தெரிந்துவிடும், இது தெரியாது. பாலத்தின் நடுவில் பக்கவாட்டுக் காற்று தள்ளியபோது வண்டியின் பின்புறம் மிதப்பதுபோல் ஆடிய பிறகே எனக்குத் தெரிந்தது.

மூன்று பஞ்சர் கடைகளில் காட்டினேன். முதல் கடையில் வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார்கள். குமிழ் வரவில்லை என்றதும் காற்று அடித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது கடையில், மேலோட்டமாகக் குத்தியிருந்த ஒரு கருவேல முள்ளைப் பிடுங்கி, அந்த இடத்தில் காற்று கசிகிறதா என்றுகூடப் பாராமல் ஊசியால் துளைத்து ரப்பர் திரியைச் செருகினார்கள். நல்ல டயரில் ஒரு துளை கூடியதுதான் மிச்சம். மூன்றாவது கடையிலும், வண்டியை வாங்கிய விற்பனை நிலையத்திலும், "ஸ்போக் வழியாகத்தான் காற்று போகிறது, டியூப் போட்டுவிடுங்கள்" என்றார்கள்.

என் வண்டியின் ரிம்மில் ஸ்போக் வழியாகக் காற்று போக வழியே இல்லை. சாதாரண ஸ்போக் ரிம்மில் நிப்பிள்கள் (கம்பிகளை ரிம்மோடு இறுக்கும் சிறு திருகுகள்) நடுப்பள்ளத்தில் உள்ள துளைகளின் வழியே வெளிவருகின்றன; அத்துளைகளில் காற்று நிற்காது என்பதால்தான் அதற்கு டியூப் தேவைப்படுகிறது. டியூப்லெஸ்ஸுக்கென்றே செய்யப்பட்ட என் வண்டியின் ரிம்மிலோ கம்பிகள் டயர் பதியும் இடத்துக்கு வெளியே, இரு ஓரங்களில் கோக்கப்பட்டிருப்பதால், காற்று நிற்கும் பகுதியில் வால்வுத் துளையைத் தவிர வேறு துளை கிடையாது. வண்டியை விற்றவர்களுக்கே இந்த வேறுபாடு தெரியாதது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

கடைசியில் உச்சிப்புளியில் ஒரு மூத்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, சிமெண்டுத் தொட்டி நீரில் அமிழ்த்தி, அவசரப்படாமல் காத்திருந்தார். இடப்பக்கத்தில், டயர் விளிம்பும் ரிம்மும் சேரும் இடத்தில், நான்கு விரல் நீளத்துக்குக் கடுகு போன்ற குமிழ்கள் வரிசையாக எழுந்தன. டயரை விலக்கிப் பார்த்தால், அலுமினிய ரிம்மில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அதோடு நைஸான கடல்மணலும் ஒட்டியிருந்தது. எமரித்தாளால் மெதுவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, விளிம்பில் சோப்பு நீர் தடவி டயரை மீண்டும் ஏற்றினார். மாதத்துக்கு ஓரிரு பவுண்டு குறைவது எந்த டயருக்கும் இயல்பு; இப்போது ஐந்து மாதங்களாக அதற்கு மேல் குறையவில்லை.

இரும்புத் துருவை யாரும் கண்டுகொள்வார்கள். அலுமினியத்தை உப்பு அரிப்பது டயரின் விளிம்புக்கு அடியில் நடப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை. எங்கள் கரையில் அதற்கு உப்புக்காற்றே போதும். மீன்பெட்டி ஏற்றிச் செல்வோருக்கோ பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் நேரே பின்ரிம்மில்தான் விழுகிறது. தனுஷ்கோடி மணலில் ஓட்டுவதற்காகக் காற்றைக் குறைக்கும் இளைஞர்களின் வண்டிகளில், இளகிய விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே மணல் புகுந்துவிடுகிறது.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சாதாரண ஸ்போக் ரிம்மின் உட்புறத்தில் சிலிக்கான் பசையோ ஒட்டுநாடாவோ போட்டு டியூப்லெஸ்ஸாக மாற்றிக்கொள்கிறார்கள். அவற்றில் நிப்பிள் வழியாகக் கசிவது உண்மையே. கோட்டம் எடுக்க நிப்பிளைத் திருப்பினால் பசை விட்டுப்போகலாம். நாடாவுக்கு அடியில் காற்று ஓடி வேறொரு துளையில் குமிழ் காட்டுவதால், கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம். அதைவிட, பல சாதாரண ரிம்களில் டயர் விளிம்பை நழுவவிடாமல் பிடிக்கும் மேடு கிடையாது. காற்று குறைந்த நிலையில் விளிம்பு பள்ளத்தில் இறங்கிவிட்டால் வண்டி கவிழக்கூடும். கடைக்காரர்கள் இந்த வேலையை ஏற்கவே கூடாது என்பது என் கருத்து.

திரி செருகும் முன் சக்கரத்தை நீரில் அமிழ்த்திப் பார்க்கும்படி பஞ்சர் கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய வண்டிகளை விற்கும் நிறுவனங்கள், கடலோர ஊர்களில் செய்யும் பராமரிப்பில் டயரை விலக்கி ரிம்மின் விளிம்பைத் துடைப்பதையும் ஒரு வேலையாகச் சேர்க்க வேண்டும். வெள்ளைப் பொடியால் கசியும் ரிம்மை "ஓட்டியவர் குறை" என்று கைகழுவாமல் உத்தரவாதக் காலத்தில் ஏற்க வேண்டும். பெட்ரோல் நிலையங்கள் இலவசக் காற்று தரக் கடமைப்பட்டவை; அங்குள்ள அளவுமானி சரியான எண்ணைக் காட்டினால்தான், வாரம் ஒருமுறை பார்ப்பவருக்காவது பாலம் ஏறுவதற்கு முன்பே கசிவு தெரியவரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம்.