பூட்டுத் திறக்க ஆள் தேடுவோர் கவனத்திற்கு

டல்லாஸ் வட்டார உறுப்பினர்களுக்கு வணக்கம். கூகுள் வரைபடத்தில் 19 டாலருக்குப் பூட்டுத் திறப்பதாக வரும் விளம்பரங்களை நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் முகவரி போலி. வருகிறவர் பூட்டைப் பார்த்தவுடனேயே, "துளைத்துத்தான் எடுக்க வேண்டும்" என்று டிரில்லைக் கையில் எடுப்பார். பில் சில நூறு டாலரில் வந்து நிற்கும், அதுவும் ரொக்கமாக. சாதாரண வீட்டுப் பூட்டைத் தொழில் தெரிந்தவர் பெரும்பாலும் உடைக்காமலே திறந்துவிடுவார்.

டெக்சாஸில் இத்தொழிலுக்கு மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் உரிமம் கட்டாயம். கடையின் பெயர், உரிமம், மொத்தத் தொகை மூன்றையும் தொலைபேசியிலேயே கேளுங்கள், மழுப்பினால் வைத்துவிடுங்கள்.

போலிப் பதிவுகளைக் கண்டால் வரைபடத்திலேயே புகார் செய்யுங்கள். வீண்வேலை அல்ல: வரைபடத்தில் போலிப் பதிவுகளை உருவாக்கியவர்கள் மீது 2025 மார்ச்சில் கூகுள் தொடர்ந்த வழக்குக்கு டெக்சாஸ் பூட்டு நிறுவனம் ஒன்றின் புகாரே தொடக்கம். வாடகை அடுக்ககத்தில் இருப்போர் முதலில் நிர்வாக அலுவலகத்தை அழையுங்கள். மாற்றுச் சாவி அங்கேயே இருக்கலாம்.