மட்டம் பார்க்காமல் பல் செட்டு வைக்க முடியாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. "பல் செட்டு வைக்க எதற்கு எலும்பை அறுக்கிறார்கள்?" என்று நீ போனில் பதறினாய். அம்மா பக்கத்திலேயே நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

தாடையை யாரும் அறுக்கப் போவதில்லை. பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு ஒரே சீராக ஆறாதாம். ஒரு இடத்தில் கரைந்து பள்ளமாகும், பக்கத்திலேயே கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். எனக்குக் கீழே இடது பக்கம் விரலால் அழுத்தினாலே சுருக்கென்று குத்துகிறது. செட்டு உட்கார வேண்டியது அந்த ஈறின் மேல்தான். மெல்லும்போது மேலே செட்டு அழுத்தும், அடியில் எலும்பு முனை குத்தும், நடுவில் மாட்டிய ஈறு புண்ணாகாமல் என்ன செய்யும்? நம் தெருவில் செட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைக் கல்யாணம் காட்சிக்குத்தான் மாட்டுகிறார்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்டினால் என்ன ஆகும் என்று கட்டட வேலை பார்த்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் போன கிளினிக்கில் மேலும் கீழும் முழுக்கச் சீவிவிடலாம் என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். இந்த டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, குத்துகிற இடத்தை மட்டும், அதுவும் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவுதான் எடுப்பேன் என்றார். பல் போனபின் எலும்பு தானாகவே கரைந்துகொண்டுதான் இருக்குமாம், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம். எடுத்தது திரும்ப வளராது. நீ சொன்ன இம்ப்ளாண்டை, அதுதான் எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைப்பதை, பின்னால் யோசிப்பதானாலும் எலும்பு மிச்சம் இருக்க வேண்டும் இல்லையா?

வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். மயக்கமெல்லாம் கிடையாது, மரத்துப்போகிற ஊசிதான். ஈறைக் கீறி விலக்கி, முனையை நறுக்கி, அரத்தால் ராவி, கழுவித் தையல் போடுவார். ராவும் சத்தம் காதுக்குள் கேட்குமாம். அதற்கென்ன, நான் கேட்காத ராவலா! தையல் பிரிக்க ஒரு வாரம். அப்புறம் 4 முதல் 6 வாரம் ஆறவிட்டுத்தான் செட்டுக்கு அளவு எடுப்பார். அதுவரை குழைந்த தயிர் சாதமும் ஆறிய கஞ்சியும்தான். சுகர் கட்டுக்குள் இருக்கிறது. நெஞ்சுக்குப் போடும் ஆஸ்பிரினை நானாக நிறுத்தக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று, இதை நீயும் ஞாபகம் வைத்துக்கொள். எலும்பு பலத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீர்களா என்று கேட்டார். நான் எடுப்பதில்லை, ஆனால் அம்மா வாரம் ஒருமுறை போடுவது அந்த வகைதான். அது சாப்பிடுகிறவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். அவளுக்குப் பல் வேலை எது வந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

லீவு போட்டுக் கிளம்பி வராதே. வியாழன் அன்று அம்மாவுக்குப் போன் செய், என்னைப் பேசச் சொல்லாதே. அடுத்த பார்சலில் பாதாமும் முந்திரியும் வேண்டாம். பேரனுக்கு எடுத்த ஸ்வெட்டர் அளவு சரியா என்று எழுது.

அன்புடன்,
அப்பா