நிம்மதி எதனால்?

நங்கநல்லூர், சென்னை

அன்பு மகளுக்கு,

"இந்த வேலையே போதும்மா, நிம்மதியா இருக்கு" என்றாய். இருக்கட்டும். மேனேஜர் ஆகாதது ஒரு குறையே இல்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கிலேயே இருபது வருஷம் இருந்து கெட்டிக்காரி என்று பெயர் வாங்குவதும் முன்னேற்றம்தான். (கல்யாண வீட்டில் "இன்னும் டீம் லீடுதானா?" என்று கேட்பவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.) ஆனால் அந்த நிம்மதி திருப்தியாலா, மெத்தனத்தாலா என்று வருஷத்துக்கு ஒருதரம் பார்த்துவிடு. ஏப்ரலில் அப்ரைசல் என்றால் ஜனவரி கடைசியில் பார்.

ரெஸ்யூமேயைத் திறந்து, கடைசி 12 மாசத்துக்கு நாலு வரி எழுது. "உதவினேன், பங்கேற்றேன்" எல்லாம் கணக்கில் வராது. என்ன கோளாறு, நீ என்ன செய்தாய், எவ்வளவு மிச்சமாயிற்று, மூன்றும் வர வேண்டும். புது மாற்றத்தால் பழையது எதுவும் கெடவில்லையே என்று பார்க்க இரண்டு நாள் ஓடிய ரெக்ரஷன் டெஸ்டை ஆறு மணி நேரமாகக் குறைத்தாய் என்றால், அது ஒரு வரி. போன வருஷத்து வரியையே தேதி மாற்றிப் போடத் தோன்றுகிறதா? ஒரு வருஷம் அப்படிப் போகலாம். உடம்பு, குழந்தை, வீடு மாற்றம் என்று ஆயிரம் இருக்கும். இரண்டாவது வருஷமும் அதே என்றால் அது மெத்தனம்.

மாறும் எண்ணம் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு இன்டர்வியூ கொடு. எந்தக் கேள்வியில் திணறினாய் என்று அன்று இரவே எழுதி வை. உண்மையில் திருப்தியாக இருப்பவள் ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டும் வேண்டாம் என்பாள். இன்டர்வியூ என்றாலே வயிறு கலங்குகிறவள்தான் "நோட்டீஸ் பீரியடே 90 நாள், யார் காத்திருப்பா?" என்று சாக்குச் சொல்வாள்.

சம்பளத்தையும் பார். மூன்று வருஷத்துக்கு முன் 60,000 வாங்கினாய் என்று வை. விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறினால், இன்று சுமார் 69,450 வந்தால்தான் அது அதே சம்பளம். குறைவாக இருந்தாலும், சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்ப முடிகிறது, அதற்காகத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறேன் என்றால் சரி. கணக்கே பார்க்காமல் விட்டிருந்தால் சரியில்லை.

கிராஜுவிட்டிக்காக, அதாவது ஐந்து வருஷம் முடித்து வேலையை விடும்போது கம்பெனி தரும் தொகைக்காக, உட்கார்ந்திருப்பது தனி ரகம். தோராயமாக, கடைசி மாச பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வேலை செய்த வருஷங்களாலும் பெருக்கு. பேசிக் 40,000 என்றால் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 1,15,000 ரூபாய். ஐந்து வருஷம் நிறைய நாலு மாசம் பாக்கி என்றால் காத்திரு. இரண்டு வருஷம் பாக்கி என்றால் அதெல்லாம் ஒரு காரணமா?

மெத்தனம்தான் என்று பட்டால் உடனே பேப்பர் போடாதே, ராஜினாமாவுக்கு அவசரமில்லை. முதலில் அங்கேயே வேறு புராஜெக்ட் கேள். ஏபிஐ டெஸ்டிங்கோ பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங்கோ, இதுவரை தொடாத ஒன்றாக இருக்கட்டும். ஆறு மாசம் பார். "அப்புறம் பாக்கலாம்" என்றே இழுத்தடித்தால் வெளியே தேடு. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகுதான் பேப்பர்.

அம்மா