கட்டைவிரலால் வாசித்தவர்

ஹாக்னி, லண்டன்
22 ஜனவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. அதற்கு முன் நீ எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. வேலை மிகுதி என்று சொல்லிவிடலாம். அது முழுக் காரணம் அல்ல என்பது உனக்கே தெரியும் என்பதால் மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் வலது கை மரத்துப்போகிறது, உளி நழுவுகிறது, கார்த்திகையிலிருந்து அவர் வீணைப் பட்டறைப் பக்கமே போகவில்லை என்று படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைப் பற்றி எழுதுவதற்கு முன் கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டும் வேறு வேறு சங்கதி அல்ல.

நள்ளிரவில் கம்பியை ரம்பத்தால் அறுப்பதுபோல ஏதோ செய்கிறார் என்று போன ஆண்டு எழுதியிருந்தேனே, அவர்தான். எழுபதைத் தாண்டிய கிட்டார் கலைஞர். கிட்டாரை மடியில் வைத்துக்கொள்ள மாட்டார். மேசைமேல் படுக்கவைத்து, கம்பிகளுக்கிடையே இரும்புத் துண்டைச் செருகி, சிறிய கைவிசிறியின் இறக்கை பட்டும் படாமலும் உரச விடுவார். இந்த முறையைத் தொடங்கியவர், 1965இல் இங்கே உருவான ஏஎம்எம் என்ற இசைக்குழுவின் கீத் ரோ. ஜாக்சன் பொல்லாக் என்ற ஓவியர் துணியைத் தரையில் விரித்து வரைந்ததைப் பார்த்து, கிட்டாரையும் ஏன் கிடத்தக் கூடாது என்று அவருக்குத் தோன்றியதாம். சத்தம் தாங்காமல் முறையிடப் போன என்னை, பெரியவர் உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்து உட்காரவைத்தார். அன்றிலிருந்து பழக்கம். இந்தக் குளிர்காலத்தில் பெரும்பாலான இரவுகளில் சாப்பாடு அவரோடுதான். நான் ரசம் வைத்துக் கொண்டுபோவேன், அவர் உருளைக்கிழங்கு சூப் வைத்திருப்பார். அவருடைய அறை என் அறையைவிடக் கதகதப்பாகவும் இருக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று டெரிக் பெய்லி என்ற கிட்டார் கலைஞர் லண்டனில் காலமானார். செய்தி கேட்டதிலிருந்து பெரியவர் இரண்டு நாள் கிட்டாரைத் தொடவில்லை. நம் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்காது. இங்கேயே தெருவில் போகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. 1930இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். இளமையில் நடன அரங்குகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் கூலிக்கு வாசித்து, கிரேசி ஃபீல்ட்ஸ் போன்ற புகழ்பெற்ற பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாக இருந்து, அந்தத் தொழிலிலேயே வசதியாகக் காலம் தள்ளியிருக்கக்கூடியவர். 1963 வாக்கில் டோனி ஆக்ஸ்லி, கேவின் பிரையர்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து ஜாஸ் வாசிக்கத் தொடங்கி, அதன் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே போய், 1966இல் லண்டனுக்கு வந்தார். லிட்டில் தியேட்டர் கிளப் என்ற சின்ன அரங்கில், நாடகம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு இவர்கள் வாசிப்பார்கள். கேட்க வந்தவர்களைவிட வாசிக்க வந்தவர்கள் அதிகமாக இருந்த இரவுகளும் உண்டு என்று, அந்த இரவுகளில் அங்கே இருந்த பெரியவர் சொல்கிறார்.

எந்த நிறுவனமும் இந்த இசைத்தட்டுகளைத் தேடி வந்து வெளியிடாது என்பதால், 1970இல் பெய்லி நண்பர்களோடு சேர்ந்து இன்கஸ் என்ற வெளியீட்டகத்தைத் தாமே தொடங்கினார். 1977 முதல் 1994 வரை, ஒருவரோடொருவர் வாசித்தறியாதவர்களைக் கூட்டிவைத்து, ஒத்திகையே இல்லாமல் வாசிக்கவிடும் இசைவாரங்களை நடத்தினார். முன்னேற்பாடில்லாமல் அந்தந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கும் மனோதர்ம இசையைப் பற்றி 1980இல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்திய ராக இசைக்கும் இடம் உண்டு. ஆலாபனையில் நாம் செய்வதைத்தான் அவரும் செய்தார், ராகம் என்ற வேலி மட்டும் கிடையாது. கம்பியை அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் மணி போன்ற நாதம் ஒன்று வரும். அது அடங்குமுன் எங்கோ கீழ் ஸ்தாயியில் வறண்ட தட்டல் ஒன்று. பிறகு பெடலை மிதித்து மெல்ல ஊதிப் பெருக்கிய ஒரு சுரம். முதல் சில மாதங்கள் எனக்கு அது இசையாகவே படவில்லை. இப்போதோ, சில இரவுகளில் வேறெதுவும் கேட்கப் பிடிப்பதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். கடைசிக் காலத்தில் பார்சிலோனாவில் இருந்தபோது பெய்லியின் வலது கை பலமிழந்து, மீட்டுகோலைப் பிடிக்க முடியாமல் போயிற்று. மணிக்கட்டு நரம்பு அழுத்தம் என்றார்கள். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் கட்டைவிரலால் மீட்டக் கற்றுக்கொண்டார். மூன்றாவது வாரம், ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது, பன்னிரண்டாவது வாரம் என்று வாசித்துப் பதிவுசெய்து, போன ஆண்டு அதை இசைத்தட்டாக வெளியிட்டார். பெரியவர் எனக்கு அதைப் போட்டுக் காட்டினார். வேகம் குறைந்திருக்கிறது, சுரங்களுக்கிடையே இடைவெளி கூடியிருக்கிறது. ஆனால் எந்த இடத்திலும் அது இயலாத கை வாசிப்பதாகத் தோன்றவில்லை. எழுபத்தைந்து வயதில் ஒரு மனிதன் தன் கைக்கு மறுபடியும் பாடம் சொல்லிக்கொடுப்பதைக் கேட்கலாம். அப்பாவுக்கு இதுவரை மட்டும் படித்துக் காட்டு.

மீதி உனக்கும் அத்தானுக்கும். பெய்லியின் அந்தக் கைவலி மணிக்கட்டோடு நிற்கிற வலி அல்ல. தசைகளை இயக்கும் நரம்புகளே நசிந்துபோகும் நோயின் தொடக்கம் அது என்று பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகள் உளி பிடித்த கைக்கு மணிக்கட்டு நரம்பு அழுத்தம் வருவது இயல்பு, பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனாலும் தெரு டாக்டர் கொடுத்த தைலத்தோடு விட்டுவிடாதே. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போய் நரம்பு மருத்துவரிடம் காட்டு. மரத்துப்போவது எந்தெந்த விரல்களில், இரவில் கூடுகிறதா, கட்டைவிரலின் அடிச்சதை வற்றியிருக்கிறதா என்பதை முன்னதாகவே கவனித்துக் குறித்துவைத்துக்கொள்.

நேற்று பெரியவர் கம்பியைத் தொட்டுத் தொட்டுச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா வீணைக்கு மேளம் கட்டும், அதாவது மெட்டுகளை மெழுகில் பதிக்கும், சத்தம் அப்படியே கேட்டது. மெழுகு இளகும் வாசனைகூட வந்ததுபோல் இருந்தது. பலாமரத் தூள் படிந்த அந்தத் திண்ணையில், இருபத்து நான்கு மெட்டுகளையும் அப்பா ஒவ்வொன்றாக அழுத்திவைக்க, நாம் இருவரும் எண்ணிக்கொண்டிருப்போமே. எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். வங்கிக் கணக்கை மாற்றிக்கொண்டிருப்பதால் தாமதம், வேறொன்றும் இல்லை. பரிசோதனைச் செலவுக்கு அத்தான் இப்போது கொடுக்கட்டும், கணக்கு எழுதிவை. பட்டறையைக் கேட்கும் பெரிய மாமாவுக்கு இப்போதைக்கு எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம். பாதியில் நிற்கும், ஒரே மரத்தில் குடைகிற ஏகாண்ட வீணையைச் சித்தப்பா மகன் குடையட்டும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். மேளத்து மெழுகில் கரித்தூள் எந்தப் பதத்தில் சேர வேண்டும் என்று பெரியவர் கேட்கிறார்; அப்பா சொல்லச் சொல்ல நீ எழுதி அனுப்பு.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சித்தி வீட்டுத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன், அப்பாவையும் அழைத்து வா. இங்கே அப்போது நள்ளிரவு கடந்து இரண்டரை மணி. பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புத் தம்பி