சித்திரைக்கு வருகிறவனுக்கு

திருகோணமலை,
பங்குனி, ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

கோபிக்காதே. மாசி முழுக்க உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கடைக் கணக்கு, அம்மாவின் கண் ஒப்பரேஷன், மகளின் சோதனை என்று சாட்டுச் சொல்ல நிறைய இருக்கிறது. நீ ஒன்றையும் நம்பமாட்டாய். எல்லோரும் சுகம். அம்மா இப்போது கண்ணாடி இல்லாமலே சீரியல் பார்க்கிறார், அதனால் வீட்டில் அழுகைச் சத்தம் கூடிவிட்டது. உன் முழங்கால் எப்படி? பனி குறைந்துவிட்டதா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களோடு தூண்டில் போடுகிற சோடாவின் வானை உடைத்துக் களவெடுத்துவிட்டார்கள்.

வானுக்குப் பெரிய சேதம் இல்லை. பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி மட்டும்தான். உள்ளே இருந்ததுதான் போய்விட்டது. இறக்கக்கண்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், நாங்கள் வழக்கமாக வாகனம் விடுகிற அதே இடம். பாலத்தடியில் பாரை மீன் ஓடுகிறது என்று யாரோ விடியப்புறம் போன் அடித்திருக்கிறான். சோடா ஒரு தூண்டில் தடியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். மற்றதெல்லாம் வானுக்குள். திரும்பி வந்து பார்த்தால் சீட்டு முழுக்கக் கற்கண்டு கொட்டினமாதிரிக் கண்ணாடி. மூன்று தடி, நூல் சுற்றுகிற ரீல் எல்லாம் இருந்த பை, தலையில் மாட்டுகிற லைட், அதோடு மனைவி கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலும். கணவாய்க் கறி. பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது பார்சலையும் பட்டியலில் போடச் சொன்னானாம். கள்ளன் தொடாமல் விட்டது அந்தப் பச்சைப் பெட்டி ஒன்றைத்தான். எந்தப் பெட்டி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கள்ளனுக்கும் ரசனை இருக்கிறது மச்சான்.

காப்புறுதிக் கம்பனி கண்ணாடிக்குக் காசு கொடுத்தது. தூண்டிலுக்குக் கையை விரித்துவிட்டது. அது வாகனத்துக்கான காப்புறுதியாம், உள்ளே கிடக்கிற சாமானுக்கு இல்லையாம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியும் இருக்கிறது. சோடா அதைப் பத்து வருடமாக மடித்து டாஷ்போர்டுக்குள் வைத்திருந்தான், கள்ளன்தான் முதலில் பிரித்துப் பார்த்திருக்கிறான்.

பகிடியை விடு. இது அவன் ஒருவனுக்கு நடந்தது என்றால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். உப்புவெளியில் கொழும்பிலிருந்து வந்த பெடியங்களுக்கு இதே கதை, கண்ணாடிகூட உடையவில்லை. கடலுக்குள் இறங்குகிறவன் ரிமோட் சாவியை உப்புத் தண்ணீரில் நனைக்க முடியுமா? முன்சில்லுக்கு மேலே வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். சாவியைச் சில்லுக்கு மேல் வைப்பது இந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். கள்ளன் வந்து, திறந்து, எடுத்து, திரும்பப் பூட்டிவிட்டே போயிருக்கிறான். அவர்கள் அறைக்குப் போய் டிக்கியைத் திறக்கும்வரைக்கும் ஒன்றும் தெரியாது.

இதையெல்லாம் ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், நீ சித்திரைக்கு வருகிறாய். கட்டுநாயக்காவில் வாகனம் வாடகைக்கு எடுத்து, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று நிறுத்தி நிறுத்தித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வருவாய். பின்சீட்டில் உன் தடிகள் நீட்டிக்கொண்டு கிடக்கும். போன முறை அப்படித்தான் வந்தாய், பின்கண்ணாடியில் மீன் ஸ்டிக்கர் வேறு. அந்த ஸ்டிக்கர் 'உள்ளே ஷிமானோ ரீல் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்' என்று எழுதி ஒட்டினதற்குச் சமம்.

இங்கே ரீல் என்ன விலை என்று உனக்கு விளங்கவேண்டும். 2022இல் ரூபாய் விழுந்தபோது 200 ரூபாயில் இருந்த டொலர் 360வரை போனது. பிறகு இறங்கினாலும் 300 பக்கத்தில்தான் நிற்கிறது. அதற்கு மேல் இறக்குமதி வரி. நீ அங்கே ஒரு கிழமைச் சம்பளத்தில் வாங்குகிற ரீல், இங்கே ஒருவனுடைய பல மாதச் சம்பளம். கள்ளனுக்கு மீன் பிடிக்கத் தெரியவேண்டியதில்லை, இந்தக் கணக்குத் தெரிந்தால் போதும்.

சோடா இப்போது வானுக்கு அலாரம் பூட்டியிருக்கிறான். அதைப் பற்றி என்னிடம் கேள். கோட்டைப் பக்கம் நிறுத்தினால் மான் வந்து முதுகைத் தேய்க்கிறது, அலாரம் அடிக்கிறது. கோணேசர் கோவிலடியில் குரங்கு ஏறுகிறது, அடிக்கிறது. இப்போது அது அடித்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் மற்றக் கூட்டாளி மொட்டை, கமரா பூட்டச் சொல்கிறான். நின்ற வாகனத்தில் இரவு முழுக்கக் கமரா ஓடினால் பட்டரி இறங்கும், காலையில் தள்ளுவது யார்? மொட்டையா?

பூட்டைப் பற்றிப் பேசுவதே எனக்கு வீண் என்று படுகிறது. முன்கண்ணாடி இரண்டு தட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டினது, வெடித்தாலும் விழாது. பக்கத்துக் கண்ணாடி அப்படி இல்லை. அதைச் சூடாக்கித் திடீரென்று குளிரவைத்துச் செய்கிறார்கள். உள்ளங்கையால் அறைந்தால் ஒன்றும் ஆகாது, கூரான கெட்டிச் சாமான் ஒன்று பட்டால் முழுதும் ஒரேயடியாக உதிர்ந்துவிடும். அலை அடிக்கிற சத்தத்தில் ஐம்பது அடி தள்ளி நிற்கிறவனுக்குக் கேட்காது. கதவை எவ்வளவு பூட்டினாலும் கள்ளன் கதவால் வருவதில்லையே. ஆகவே உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லாததுபோல் தெரியவேண்டும்.

தெரியவேண்டும் என்றால் துவாயால் மூடுவது இல்லை. துவாய் போட்டு மூடியிருக்கிறது என்றாலே கீழே ஏதோ இருக்கிறது. உன்னிடம் நான்கு துண்டாகக் கழற்றுகிற தடி ஒன்று இருக்கிறதல்லவா, நாங்கள் 'ஊன்றுகோல்' என்று பகிடி பண்ணுகிறது? இந்தமுறை அதைக் கொண்டுவா. டிக்கிக்குள் அடங்கும். ஏழடிக் குச்சி எதற்குள்ளும் அடங்காது. அதைவிட முக்கியம், சாமானை விமான நிலையத்திலேயே டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிடு. கடற்கரைக்கு வந்து இறங்கி, எல்லோரும் பார்க்க டிக்கியைத் திறந்து, பையை அதற்குள் அடுக்கி, பூட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகிறார்கள் பார், அவர்களைத்தான் கள்ளன் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அவன் சுவரோரம் குந்தியிருந்து வெற்றிலை போடுகிற ஆளாக இருப்பான். பார்த்தால் கள்ளன் மாதிரியே இருக்கமாட்டான்.

ரீலைத் தடியில் பூட்டி வைக்காதே. தடி போனால் துக்கம், ரீல் போனால்தான் நட்டம். இரவில் ரீலெல்லாம் அறைக்குள் வரவேண்டும், குளித்துவிட்டு எடுக்கிறேன் என்ற கதை வேண்டாம். வாகனத்தின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்து, டிக்கி திறக்க இடம் இருக்கக்கூடாது. நிலாவெளியில் தேத்தண்ணிக் கடை அக்காவின் முகத்துக்கு நேரே விடு. போகும்போது சொல்லிவிட்டுப் போ, வரும்போது ஒரு மீனைக் கொடு. அவர் பார்க்கிற பார்வை எந்தக் கமராவுக்கும் இல்லை. நீ யாரோடு போனாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்று உன் மனைவிக்கே சொல்லுவார்.

இன்னொன்று, மொட்டை சொல்லித் தந்தது. ரீலில் நூலைச் சுற்றுவதற்கு முன்பு, சுருளின் வெறும் உடம்பில் அழியாத மையால் உன் பெயரையும் என் போன் நம்பரையும் எழுது. அதற்கு மேலே நூலைச் சுற்று. வெளியில் சுரண்டி எழுதினால் கள்ளன் அரத்தால் தேய்த்துவிடுவான், இது அவன் கண்ணில் படாது. வாங்குகிறவன் ஒருநாள் நூல் மாற்றத்தானே வேண்டும்? அன்றைக்குப் படும். ரீலின் காலில் இருக்கிற இலக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவை. சோடாவிடம் பொலிஸில் கேட்ட முதல் கேள்வியே இலக்கம்தான். "கறுப்பு நிறம், நல்லாச் சுத்தும்" என்றிருக்கிறான்.

சாமான் எங்கே என்று காட்டுகிற ஏர்டாக் போடுவேன் என்று நீ சொல்லுவாய் என்று தெரியும். போடு, ஆனால் பெரிதாக நம்பாதே. பக்கத்தில் ஐபோன் வைத்திருக்கிறவன் ஒருவன் நடந்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று காட்டும். குச்சவெளிக் கடற்கரையில் ஐபோனுக்கு எங்கே போவது? ஒருவேளை காட்டினாலும் அந்த வீட்டு வாசலில் போய் நீ நிற்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் பிரச்சினையில் நீ போய் நின்றதை நான் மறக்கவில்லை, என் முன்பல்லும் மறக்கவில்லை.

இதில் எனக்குச் சிரிப்பு வராத பகுதி ஒன்று இருக்கிறது.

சோடாவின் சாமான் போய் ஒரு கிழமையில் மொட்டைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ரீல் படம் வந்தது. பெட்டி இல்லை, பில் இல்லை, அரை விலை. அது சோடாவினுடையது இல்லை, வேறு யாருடையதோ. மொட்டை இரண்டு நாள் யோசித்தான். யோசித்தான் என்பதுதான் எனக்குக் கோபம். கள்ளன் இதைத் தின்னப்போகிறானா? தேத்தண்ணிக் கடை அக்கா வாங்கப்போகிறாரா? தூண்டில் போடுகிற எங்களை விட்டால் இதற்கு வேறு ஆளே இல்லை. எங்களிடம் எடுத்ததை எங்களிடமே விற்கிறான், நாங்கள் 'நல்ல சான்ஸ் மச்சான்' என்று வாங்குகிறோம். தண்டனைச் சட்டக்கோவை 394ஆம் பிரிவில் களவுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்குகிறவனுக்கு மூன்று வருடம் வரைக்கும் சிறை இருக்கிறது. அதை மொட்டைக்கு அனுப்பினேன். பெருவிரல் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பினான். வாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதைவிடப் பெரியது படகும் வலையும் வைத்துத் தொழில் செய்த சம்மாட்டி ஐயாவின் மகனுக்கு நடந்தது. வாடைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கிய பிறகு, குச்சவெளியில் மீன்பிடிக்காரர் தங்குகிற வாடிக்குப் போக முதல்நாள் பின்னேரமே பட்டா லொறியில் வலையை ஏற்றி, மேலே படங்கு போட்டுக் கட்டி, திருக்கடலூரில் வீட்டு ஒழுங்கைக்குள் விட்டிருக்கிறான். எஞ்சினை மட்டும் வீட்டுக்குள் தூக்கி வைத்தான், அது ஐயாவின் காலத்துப் பழக்கம். காலையில் பார்த்தால் படங்குக் கயிற்றை வெட்டி வலையை முழுதும் இறக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாய் குரைக்கவில்லையாம்.

நாங்கள் ரீலைப் பறிகொடுத்தால் ஒரு மாதம் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவோம், அவ்வளவுதான். அவன் அந்த வலையை மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கினான். மீன் எடுக்கிற முதலாளியிடமும் முற்பணம் வாங்கியிருக்கிறான். சீசன் தொடங்குகிற நேரம், படகு இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது, கடலும் சும்மா கிடக்கிறது, இறங்க வழி இல்லை. பொலிஸில் அடையாளம் கேட்டார்களாம். படகுக்குக் கடற்றொழில் திணைக்களத்தின் பதிவிலக்கம் இருக்கிறது. எஞ்சினுக்குக் கிளாம்ப் பக்கத்தில் இலக்கத் தகடு இருக்கிறது. வலைக்கு என்ன இருக்கிறது? மிதப்பையும் ஈயத்தையும் வெட்டி எறிந்துவிட்டு வேறு கட்டினால் யாருடைய வலை என்று யார் சொல்லுவது?

ஆனால் தனக்குத் தெரியும் என்கிறான். ஐயா வலையின் கிழிசலைப் பொத்தும்போது கடைசி முடிச்சில் ஒரு சுற்று கூடச் சுற்றுவாராம். இடதுகைக்காரர், சுற்றும் மற்றப் பக்கமாகப் போகுமாம். ஐயா போய் எத்தனை வருடம் ஆகிவிட்டது, அந்த வலையில் இன்னும் அவர் பொத்தின பழைய துண்டுகள் இருந்தன. இப்போது அவன் சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று வாடி வாடியாகப் போய், காயப்போட்ட வலைகளைக் கையில் எடுத்து முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு திரிகிறான். சிலர் பேசாமல் விடுகிறார்கள், சிலர் தங்களைக் கள்ளன் என்கிறான் என்று சண்டைக்கு வருகிறார்கள். ஒருநாள் நானும் கூடப் போனேன். அவன் ஒவ்வொரு முடிச்சாகப் பார்க்கிற நேரம் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

எங்கள் வட்டாரப் பெடியங்களிடம் சேர்த்துக் கொஞ்சம் கொடுத்திருக்கிறோம். சோடாதான் முதலில் காசை வைத்தான், தன் தடி போன கையோடு. அவனை எவ்வளவு நக்கல் அடித்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். புது வலையின் மேல்கயிற்றில் பாகத்துக்குப் பாகம் ஒரு நிற நூலை முறுக்கிவிடச் சொல்லியிருக்கிறேன், அதை அவிழ்க்கவேண்டும் என்றால் கயிற்றையே பிரிக்கவேண்டும். அவன் பச்சை என்றான், மனைவி சிவப்பு என்கிறாள், அது அங்கே ஒரு தனி வழக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்கு முடிந்ததை நீயும் அனுப்பு. என் கணக்குக்குப் போடு, அவனுக்கு நேரே போட்டால் வாங்கமாட்டான்.

மற்றப்படி, நீ கேட்ட அறை உப்புவெளியில் சொல்லிவைத்திருக்கிறேன். மதிலுக்குள் வாகனம் விடலாம், அதனால் கொஞ்சம் காசு கூட. முனகாதே. ஹபரணையில் நிறுத்தினால் ஒருவன் தேத்தண்ணி குடிக்க, மற்றவன் வாகனத்துக்குள் இருக்கட்டும். உன் அக்காவும் கூட வந்தால் அவவை இருத்து, அவவுக்கு எப்படியும் தம்புள்ளையிலிருந்து நித்திரைதான், ஆனால் ஆள் இருப்பது தெரிந்தால் போதும். கந்தளாய் தாண்டினதும் போன் அடி, நான் சந்திக்கு வருகிறேன்.

வரும்போது 50 இறாத்தல் தாங்குகிற பிரெய்ட் பின்னல் நூல் இரண்டு சுருள் கொண்டுவா. ஒன்று எனக்கு, மற்றது சோடாவுக்கு. அவனுடையதற்குக் காசு கேட்காதே. பச்சைப் பெட்டியைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கேள்.

இப்படிக்கு,
உன் பழைய பள்ளிக்கூட வாங்குக் கூட்டாளி